சாயமேற்றும் கருவிகளைச் சிக்கனமாகத் தேர்ந்தெடுத்தல்

உடலிலிருந்து எடுத்த ஒரு திசுவை மெல்லிய ஏடாகச் சீவி, ஸ்லைடு என்று நாம் வழங்கும் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? ஏறத்தாழ ஒன்றுமே தெரியாது. ஈரலாயினும் சிறுநீரகமாயினும், 4 அல்லது 5 மைக்ரான் கனமுள்ள ஏடாக்கிவிட்டால் அது நனைந்த வெங்காயத் தோலைப் போல நிறமற்றுக் கிடக்கும். உயிரணுவின் உட்கரு எது, அதைச் சூழ்ந்த பகுதி எது என்று பிரித்துக் காட்டுவது சாயமே. ஆகவே திசுவியலில் சாயமேற்றுவது ஓர் அலங்கார வேலையன்று. காண்பது முழுவதும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

இதை இப்பொழுது எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தில்லியில் நான் பயிலும் விலங்கியல் துறையில், முதுகலை மாணவர்க்கென ஒரு சிறிய திசுவியல் கூடம் அமைக்கப் பணம் ஒதுக்கினார்கள். மார்ச் 31-க்குள் செலவிடாவிடில் அப்பணம் திரும்பிப் போய்விடும். இது கல்லூரி வாசலை மிதித்தவர் அனைவரும் அறிந்த சங்கதி. "தானே இயங்கும் சாயப் பொறி ஒன்றை வாங்கிவிடுவோம், ஒரே சீட்டில் பணமும் தீர்ந்துவிடும்" என்றார் சிலர். "கண்ணாடி ஜாடிகளே போதும்" என்றார் வேறு சிலர். பட்டியல் எழுதும் பொறுப்பு மூத்த ஆராய்ச்சி மாணவி ஒருவருக்கும் எனக்கும் வந்து சேர்ந்தது. ஒரு மாத காலம் அலைந்தும் கேட்டும் கணக்கிட்டும் அறிந்தவற்றையே இங்குத் தருகிறேன். நம் சங்கத்து அன்பர்களுள் உயிரியல் பயில்வோர் நாளை ஊர் திரும்பி, ஒரு சிறு மருத்துவமனையிலோ கல்லூரியிலோ இதே பொறுப்பை ஏற்க நேரலாம். மற்றத் துறையினருக்கும், பெருவிலை கொடுத்து ஒரு பொறியை வாங்குமுன் என்னென்ன கேட்க வேண்டும் என்பது பயன்படக்கூடும்.

முதலில் வேலை இன்னதென்று சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். திசுவியலில் பெரும்பாலும் கையாளப்படுபவை ஹெமடாக்சிலின், ஈயோசின் என்னும் இரண்டு சாயங்கள். முன்னது மெக்சிகோ, நடு அமெரிக்கா ஆகிய பகுதிகளில் வளரும் லாக்வுட் மரத்தின் வைரத்திலிருந்து கிடைப்பது. அது தானாகத் திசுவைப் பற்றாது. ஆக்சிஜன் ஏற்று ஹெமட்டீனாக மாறி, படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடு கூடிய பின்னரே உட்கருவைப் பற்றி நீலமாக்கும். சாயவேரைக் கொண்டு பருத்தித் துணிக்குச் செந்நிறம் ஊட்டிய சோழமண்டலக் கரைச் சாயக்காரர்களும் படிகாரத்தைத்தான் இடைநின்று பற்றவைக்கும் பொருளாகக் கொண்டார்கள். துணிக்குச் செய்ததையே நாம் திசுவுக்குச் செய்கிறோம். பின்னதாகிய ஈயோசின் ஜெர்மானிய வேதியியலார் ஹைன்ரிக் காரோ 1870-களில் ஆக்கிய செயற்கைச் சாயம். உட்கரு நீங்கலான பகுதிகளுக்கு அது இளஞ்சிவப்பு நிறம் தரும்.

திசு பாரபின் மெழுகில் பதிந்திருப்பதால் முதலில் சைலீனில் இருமுறை அமிழ்த்தி மெழுகைக் கரைக்க வேண்டும். பின் தனி ஆல்கஹாலில் இருமுறை, 90 விழுக்காட்டு ஆல்கஹாலில் ஒருமுறை, 70 விழுக்காட்டில் ஒருமுறை என இறங்கி நீருக்கு வரவேண்டும். அதன்பின் ஹெமடாக்சிலின், கழுவிய பின் நீலமாக்கும் கார நீர், அடுத்து ஈயோசின். மீண்டும் 90 விழுக்காட்டு ஆல்கஹால் ஒருமுறை, தனி ஆல்கஹால் இருமுறை, சைலீன் இருமுறை என ஏறி, இறுதியில் டி.பி.எக்ஸ். பிசினிட்டு மெல்லிய கண்ணாடியால் மூட வேண்டும். எண்ணிப் பாருங்கள்: கழுவும் தண்ணீர் நீங்கலாக 14 பாத்திரங்கள். சாயமேற்றும் கருவி என்று எதை வாங்கினாலும், எவ்வளவு விலை கொடுத்தாலும், அது இந்த 14 பாத்திரங்களுக்கிடையே ஸ்லைடுகளைக் குறித்த நேரத்தில் தூக்கித் தூக்கி வைக்கும் ஏற்பாடே அன்றி வேறில்லை.

ஆகையால் கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைப் பலரும் செய்வதில்லை. வாரத்துக்கு எத்தனை ஸ்லைடுகள் என்று எண்ண வேண்டும். எங்கள் வகுப்பில் 16 பேர். ஆளுக்கு வாரம் 2 ஸ்லைடு என்றால் 32. ஆராய்ச்சி மாணவர் மூவர். ஒவ்வொருவருக்கும் 20 என்று தாராளமாகவே வைத்தால் 60. ஆக 92. ஐந்து வேலை நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 18 அல்லது 19. அதாவது 20 ஸ்லைடு கொள்ளும் ராக் ஒன்றை நாளைக்கு ஒருமுறை நடத்தினால் வேலை முடிந்தது. கையால் செய்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியதும் பொறிக் கட்சியில் பாதிப்பேர் மௌனமாகிவிட்டார்கள்.

அடுத்தது பாத்திரத்தின் கொள்ளளவு. காப்ளின் ஜாடி என்பது உட்புறம் பள்ளங்கள் வெட்டிய தடித்த கண்ணாடி ஜாடி. பிலடெல்பியாவில் நோயியல் ஆசிரியராக இருந்த காப்ளின் என்பவர் பெயரால் வழங்குவது. சுமார் 50 மி.லி. திரவத்தில் 5 ஸ்லைடுகள் நிற்கும்; முதுகோடு முதுகு சேர்த்து வைத்தால் 10-உம் நிற்கும். ராக்கோடு கூடிய கண்ணாடித் தொட்டியோ சுமார் 200 மி.லி. பிடிக்கும், 20 ஸ்லைடுகள் கொள்ளும். நிறைய வைத்து நடத்தினால் இரண்டிலும் ஸ்லைடு ஒன்றுக்கு 10 மி.லி. தான். ஆனால் ஆராய்ச்சி மாணவர் ஒருவருக்கு அவசரமாக 4 ஸ்லைடுகள் மட்டும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஜாடி வரிசைக்கு 14 பாத்திரத்திலும் சேர்த்து 700 மி.லி. போதும், தொட்டி வரிசைக்கு 2.8 லிட்டர் வேண்டும். எங்களுக்கு விலை கூறிய ஒரு பொறியில் பாத்திரம் ஒன்றுக்கு 400 மி.லி.; ஆக 5.6 லிட்டர். ஒரு ஸ்லைடாயினும் நாற்பதாயினும் அவ்வளவும் ஊற்றித்தான் ஆகவேண்டும். தனி ஆல்கஹால் விலை தெரிந்தவர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள். பொறியின் விலை ஒரே நாளில் கொடுத்துத் தீர்வது. அதன் வாய்க்கு ஊற்றுவதோ மாதந்தோறும் தொடரும் செலவு.

எனவே எங்கள் பட்டியலில் இரண்டு வரிசைகள்: அன்றாட வேலைக்கு ஒரு தொட்டி வரிசை, அவசரத்துக்கும் பயிற்சிக்கும் ஒரு ஜாடி வரிசை. இரண்டும் சேர்ந்தாலும் பொறியின் விலையில் சிறு பகுதியே ஆகும். ஜாடி சில நூறு ரூபாய். பொறியோ இலட்சக் கணக்கு.

பாத்திரம் எதனாலானது என்பதில் கவனம் வேண்டும். கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஏற்றது. கை தவறினால் போயிற்று என்பதே அதன் குறை. தெள்ளத் தெளிந்த மலிவுப் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைச் சைலீன் கரைத்தே விடும். பாலிபுரொப்பிலீன் ஆல்கஹாலுக்கு நன்றாகத் தாங்கும். சைலீனிலேயே நாட்கணக்கில் வைத்தால் ஊதிக் கோணும். துருப்பிடிக்காத எஃகு சைலீனுக்கும் ஆல்கஹாலுக்கும் மிக நன்று. இங்கேதான் ஒரு சிக்கன வழி புலப்பட்டது. சதர் பஜார்ப் பாத்திரக் கடையில் மூடியோடு கூடிய சதுர எஃகு டப்பாக்கள் இருக்கின்றன, நம் வீடுகளில் பலகாரம் வைப்பவை போன்றவை. எஃகு ராக் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்துப் பார்த்தோம், கச்சிதமாக உட்கார்ந்தது. கடைக்காரருக்கு நாங்கள் என்ன பலகாரம் செய்யப் போகிறோம் என்பதுதான் விளங்கவில்லை. ஆனால் எஃகை எல்லாவற்றுக்கும் கொள்ளலாகாது. ஹைடிரோகுளோரிக் அமிலம் கலந்த ஆல்கஹால் அதை அரிக்கும். படிகாரம் கலந்த ஹெமடாக்சிலினும் அமிலத் தன்மை உடையதே. அவ்விரண்டுக்கும் கண்ணாடி வேண்டும்.

கண்ணாடிப் பாத்திரங்களைப் பார்க்க அம்பாலாவுக்குப் போனோம். தில்லியிலிருந்து சுமார் 200 கி.மீ. தொலைவிலுள்ள இந்த அரியானா நகரம் விஞ்ஞானக் கருவித் தொழிலுக்குப் பேர்பெற்றது. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு வரும் கருவிகள் பலவும் அங்கே செய்தவையே. அரசு நிறுவனங்கள் வாங்குவது 2016-இல் தொடங்கிய அரசின் மின்சந்தை வழியாகத்தான் பெரும்பாலும் நடக்கிறது. கடையில் பணம் கொடுத்துத் தூக்கிவர இயலாது. எனினும் பொருளைக் கையால் தொட்டுப் பார்த்தால்தான் ஒப்பந்தப் புள்ளியில் என்ன எழுதுவது என்று தெரியும். போகிறவர்கள் தாங்கள் பயன்படுத்தும் ஸ்லைடுகளில் பத்தை எடுத்துச் செல்லுங்கள். சில ஜாடிகளின் பள்ளம் குறுகலாக இருப்பதால் இரண்டு ஸ்லைடு சேர்ந்து நுழையா. சிலவற்றில் ஸ்லைடு முழுவதும் உள்ளே மூழ்கிவிடும்; இடுக்கியால் பிடிக்க நுனி அகப்படாது. மூடி ஆடுகிறதா என்று பாருங்கள். சரியாக மூடாத தனி ஆல்கஹால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு சில நாட்களில் பெயருக்கு மட்டும் தனி ஆல்கஹாலாக நிற்கும். அதில் நீர் நீங்காத ஸ்லைடு சைலீனில் பால்போல் கலங்கும். ராக்கையும் தொட்டியையும் ஒரே இடத்தில் வாங்குவது நலம்; ஒருவர் செய்த ராக் இன்னொருவர் செய்த தொட்டியில் மாட்டிக்கொண்டு நிற்பதைக் கண்ணால் கண்டோம்.

சாயத்தின் தேர்வும் பாத்திரக் கணக்கை மாற்றும் என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. ஹாரிஸ் 1900-இல் வெளியிட்ட முறையில் ஒரு லிட்டருக்கு 5 கிராம் ஹெமடாக்சிலின் வேண்டும். அவர் சேர்த்த பாதரச ஆக்சைடு நஞ்சு. இந்நாளில் அதற்குப் பதிலாகச் சோடியம் அயோடேட்டு சேர்க்கிறார்கள். இச்சாயம் மிகையாக ஏறும்; ஏறிய மிகையை அமில ஆல்கஹாலில் சில நொடிகள் காட்டி இறக்க வேண்டும். அந்தச் சில நொடிகள் தேர்ந்த கைக்கே அடங்கும். மேயர் முறையிலோ லிட்டருக்கு 1 கிராம் போதும். சாயம் மெல்ல ஏறி, போதிய அளவில் எடுத்துவிட்டால் இறக்கும் வேலையே இல்லை. அமில ஆல்கஹால் பாத்திரமும் இல்லை. நேரம் சற்றுக் கூடும். புதிதாகக் கற்கும் 16 பேர் புழங்கும் கூடத்துக்கு மேயர் முறையே தக்கது என்பது என் முடிவு. நான் மேலே 14 என்று எண்ணியதும் அம்முறைக்குத்தான்.

சாயப் பொடியில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். பழைய தில்லியின் திலக் பஜாரில் மூட்டை மூட்டையாக வேதிப்பொருள்கள் கிடைக்கும். ஈயோசின் என்றும் கிடைக்கும். சிவப்பு மைக்குப் போடும் ஈயோசினும் நம் ஈயோசினும் பெயரால் ஒன்றாயினும் தூய்மையால் ஒன்றல்ல. நிறச் சுட்டெண் பார்த்து வாங்க வேண்டும்: ஹெமடாக்சிலினுக்கு 75290, மஞ்சள் சாயல் ஈயோசினுக்கு 45380. இன்னொன்று: ஈயோசின் வெளிச்சத்தில் வெளுக்கும். ஓவியர் வான் கோ தீட்டிய சில இளஞ்சிவப்புகள் இன்று வெளுத்துப் போயிருப்பது அதனால்தான். முடிந்த ஸ்லைடுகளை மூடிய பெட்டியில் வைக்க ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள்.

தண்ணீரைப் பற்றி யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. ஹெமடாக்சிலினிலிருந்து எடுத்ததும் உட்கரு செம்பழுப்பாகத்தான் இருக்கும். காரத் தன்மையுள்ள நீர் பட்டால்தான் நீலமாகும். உப்புச் சத்துள்ள குழாய்த் தண்ணீரில் சில நிமிடம் ஓடவிட்டாலே போதும். தூய்மைப் பொறியில் வடிகட்டிய நீரையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் கூடங்களில், உப்பு நீங்கிச் சற்றே அமிலமான அந்த நீரில் நீலம் வராமல் மாணவர்கள் சாயத்தைக் குறை கூறிக்கொண்டிருப்பார்கள். ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் மக்னீசியம் சல்பேட்டும் 3.5 கிராம் சோடியம் பைகார்பனேட்டும் கரைத்து வைத்துக்கொண்டால் எந்த ஊரிலும் கவலை இல்லை. ஒருவர் சமையல் சோடா, மற்றவர் பேதியுப்பு. விலை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பொறியே வேண்டாம் என்று நான் வாதாடுவதாக எண்ணற்க. நாள்தோறும் நூற்றுக்கு மேல் ஸ்லைடு வரும் மருத்துவமனைக்கு அது தேவை. காலையில் ஏறியதும் மாலையில் ஏறியதும் ஒரே நிறமாக இருக்கும். நோய் கண்டு கூறுவோர்க்கு அந்த ஒருமை முக்கியம். ஆனால் வாங்குவோர் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நடுவில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? இயந்திரக் கை ராக்கைத் தூக்கிய நிலையில் நின்றுவிட்டால் திசு அந்தரத்தில் உலரும். ஹெமடாக்சிலினில் நின்றால் கறுத்துவிடும். மின்கல ஏற்பாடு பொறியோடு வருமா, தனியாக வாங்க வேண்டுமா என்று எழுத்தில் பெறவேண்டும். எங்கள் ஆராய்ச்சி மாணவர்களின் எலி ஈரல்கள், விலங்கு நெறிக் குழு அனுமதித்த எண்ணிக்கைக்குள் எடுத்தவை. ஒரு ராக் கெட்டால் இன்னோர் எலியை எடுத்துக்கொள்ளலாம் என்பதில்லை. இதனாலேயே, கையால் செய்தாலும் பொறியால் செய்தாலும், முழு ராக்கையும் இறக்குமுன் தெரிந்த திசு ஒன்றின் ஸ்லைடை முதலில் ஓட்டிப் பார்க்கும் வழக்கத்தை விடலாகாது. வேறொரு நகரின் கல்லூரி ஒன்றில், வாங்கி நிறுவிய சாயப் பொறி மேல் துணி போர்த்திக் கோப்புகள் அடுக்கியிருந்தார்கள். பழுது பார்க்க ஆள் வர மறுத்ததே காரணம் என்றார்கள்.

சேமித்த பணத்தை எங்கே போடுவது என்பதில்தான் எங்களிருவருக்குள்ளும் விவாதம் நடந்தது. மைக்ரோடோம் கத்தி அலகுகளுக்கு என்றார் மூத்தவர், நியாயமே. கோடு விழுந்த ஏட்டை எந்தச் சாயமும் சீராக்காது. அதற்கு ஒரு பங்கு எழுதினோம். பெரும்பங்கு காற்றுக்கு வேண்டும் என்றேன் நான். பொறியில் மூடியும் கரி வடிகட்டியும் இருக்கும். நம் திறந்த தொட்டிகளில் சைலீன் ஆவி நேரே முகத்துக்கு வரும். தலைவலி, மயக்கம், கண்ணெரிச்சல் எல்லாம் அதன் வேலை. தில்லிக் குளிரில் சன்னல்களை அடைத்துக்கொண்டு 16 பேர் அறைக்குள் நிற்பதை எண்ணிப் பாருங்கள். கோடையிலோ வேறு கவலை: சைலீன் சுமார் 27 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும், இவ்வூர் வெயில் 40-ஐத் தாண்டும். ஸ்லைடு உலர்த்தும் சூட்டுத் தட்டைச் சைலீன் மேசையிலிருந்து விலக்கி வைப்பது ஒரு காசும் செலவில்லாத காரியம்.

காற்றை வெளியேற்றும் விசிறியைக் கூரைக்கு அருகில் பொருத்துவது வழக்கம். சைலீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. அது மேலேறிப் போய் விசிறியைத் தேடாது. தொட்டிகளுக்குப் பின்னால் மேசை மட்டத்தில் வாய் வைத்த குழாய் வழியாக இழுக்க வேண்டும். விசிறியின் மோட்டார் பொறி பறக்காத வகையாக, ஆவி செல்லும் வழிக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளூர்த் தகரவேலைக்காரர் செய்து தரக்கூடிய அமைப்புத்தான் இது. பழைய சைலீனைத் தொட்டியில் கொட்டாமல் சேர்த்து வைக்க மூடியுள்ள உலோகக் கலங்கள் இரண்டும் எழுதினோம். முதல் சைலீனில் மெழுகு மிகுந்ததும் அதை மட்டும் அகற்றி, இரண்டாவதை முதலிடத்துக்கு நகர்த்திப் புதியதை இரண்டாவதில் ஊற்றினால் செலவும் கழிவும் பாதியாகக் குறையும்.

உலர்த்தும் அடுப்பு துறையிலேயே இருப்பதால் 60 டிகிரியில் வைத்துக்கொள்ள அதுவே போதும் என்று விட்டுவிட்டோம். நேரம் காட்ட ஒரு சுவர்க் கடிகாரம் போதும். பட்டியலைக் குழு ஏற்றுக்கொண்டது. ஜாடிகளும் தொட்டிகளும் பிப்ரவரியிலேயே வந்து சேர்ந்தன. காற்றுக் குழாய்க்காகச் சுவரில் ஒன்பது அங்குலத் துளை ஒன்று இடவேண்டும். அதற்கான விண்ணப்பம் கட்டடப் பிரிவில் இருக்கிறது. அதுவரை தொட்டிகளைச் சன்னலோரத்துக்கு நகர்த்தி, குளிரானாலும் இரு கதவையும் திறந்து வைத்து, முறைக்கு நால்வராக வேலை செய்கிறோம்.